பம்புக் குழியில் சொல்லும் கதை

பதினோரு வருஷம் கழித்துச் சின்னவள் அந்த ஊரில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் வெயில் அடித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடலில் கிளம்பும் காற்று தண்ணீரை வாரிக்கொண்டு வந்து மலைச்சரிவு வீடுகளின் மேல் வீசிவிட்டுப் போகும். முன்பெல்லாம் அதோடு நிலக்கரிச் சுரங்கத்துக் கரித்தூளும் வரும். காயப்போட்ட துணியை மறுபடி ஒரு தரம் அலசினால்தான் உடுத்த முடியும். இப்போது கரி இல்லை. கரிமேடு இருந்த இடத்தில் புல் வளர்த்துப் பெஞ்சு போட்டிருந்தார்கள். லாரி ஷெட்டில் ஐஸ்கிரீம் விற்றார்கள். கப்பலில் கரி கொட்டுகிற இரும்புப் பாலத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. அதன் நுனியில் நின்று வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். மழைக்காக மட்டும் இல்லை. தெரிந்த முகம் எதுவும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அவளுக்கு அந்த வீட்டில் சின்னவள் என்றுதான் பெயர். இரண்டாவது மருமகள். மூத்த மருமகள் பெரியவள். பெரியவளின் புருஷன் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். ஊரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டது. சின்னவளின் புருஷன் அவருடைய தம்பி. அதே சுரங்கத்தில் பம்புக்காரர்.

வாசலிலேயே பெரியவள் நின்றிருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"வந்துட்டியா. வர மாட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க கூப்பிட்டு வராம இருப்பேனாக்கா."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"போய்ட்டு வான்னுதான் சொன்னாரு. அண்ணி கை ஒடிஞ்சு கெடக்காங்க, யோசிச்சுக்கிட்டு நிக்காதேன்னாரு."

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காலைக் கழுவிட்டு உள்ள வா. தரையெல்லாம் இப்பத்தான் தொடச்சுது" என்றாள்.

வீடு வீடாக இல்லை. சுரங்கம் மூடியதும் கம்பெனி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கி, மேஸ்திரி விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். நாலு அறைகள். அந்த இரண்டாவது வீட்டில்தான் சின்னவள் புதுப்பெண்ணாக வந்து ஆறு வருஷம் குடித்தனம் செய்தாள். அவள் சமைத்த இடத்தில் இப்போது வெள்ளைக் கல் பதித்த குளியலறை. படுத்த இடத்துக்கு நாலாம் நம்பர் என்று பித்தளையில் எண் அடித்திருந்தது.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, பளபளவென்று பூட்ஸ். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"வாம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், காலடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு, "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"இருக்காரு அத்தான். மோட்டார் ரிப்பேர் கடையில கம்பிக் காயில் சுத்தறாரு."

"கைவேலைக்காரன். எங்க போனாலும் பொழச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர்கள் ஊரை விட்டுப் போன கதையைச் சொல்லிவிட வேண்டும். சுரங்கம் கடலுக்கு அடியில் போவது. தலைக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் கடல். கசிகிற தண்ணீர் எல்லாம் ஒரு குழியில் வந்து சேரும். அதை ராவும் பகலும் மேலே இறைத்துத் தள்ள அங்கே ஒரு பம்பு. பம்புக்காரர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒருநாள் பகல் ஷிப்டில் அவர் அசைந்தார். அரை மணி நேரம்தான். அதற்குள் பம்பின் வாயில் சேறு அடைத்து, குழி நிரம்பி வழிந்து, அதற்கும் கீழே கரி வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் ஏறி வர வழியில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

விசாரணையில் பம்புக்காரர், "மேல கரிவண்டி தடம் புரண்டு நிக்குது, தள்ள ஆள் பத்தலை, நீயும் போடான்னு மேஸ்திரி அனுப்பிச்சாரு" என்றார். மேஸ்திரியைக் கேட்டார்கள். "நான் அனுப்பலை" என்றார் அவர். அதோடு விசாரணை முடிந்தது. ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். செத்தவர்களின் பெண்டாட்டிகள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி காறித் துப்பினாள்.

வீட்டுக்குள் பம்புக்காரர் சின்னவளிடம், "அண்ணன்தான் அனுப்பிச்சாரு" என்று சொன்னார். மறுநாள் காலையில் மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பிள்ளைங்க நல்லா இருக்கணும். சத்தியமா நான் அனுப்பலம்மா. பயத்துல அவனுக்கு என்ன சொல்றோம்னே தெரியல" என்றார். அப்பன் இல்லாத தம்பியைப் பத்து வயசிலிருந்து தோளில் போட்டு வளர்த்தவர். அவர் கண் கலங்கி நின்றதைப் பார்த்தபோது சின்னவளுக்கு யாரை நம்புவது என்றே தெரியவில்லை. தெரியாதது போல் இருந்துகொண்டே, மெல்ல மெல்ல மேஸ்திரியை நம்பினாள். வெளியூரில் முதல் மழைக்காலத்தில், ஒழுகுகிற ஓர் அறையில், வேறு எதற்கோ வந்த சண்டையில் அது வாயில் வந்துவிட்டது. "பம்பை விட்டுட்டுப் போனது நீங்க. வளத்தவர் மேல எதுக்குப் பழியப் போடறீங்க?" பம்புக்காரர் ஒழுகிய இடத்துக்குப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். அதன் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

விடுதியில் வேலைக்குக் குறைவில்லை. விடிந்ததும் பத்துப் பேருக்கு ரொட்டி சுட்டு, முட்டை பொரித்து, உருளைக்கிழங்கு வதக்கி, டீ போட வேண்டும். அவர்கள் வெளியே போனதும் படுக்கை விரிப்புகளை உருவி வெந்நீரில் அலசிப் பிழிய வேண்டும். காற்றில் காயாது. வெந்நீர் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொன்றாகப் போட்டு, பாதி ஈரத்தில் இஸ்திரி பிடித்து, அறைகளில் சேர்ந்த கடற்கரை மணலைக் கூட்டி அள்ளி நிமிர்ந்தால் பொழுது சாய்ந்திருக்கும். பெரியவள் ஒரு கையால் கிழங்கை உருட்டிக் கொடுப்பாள், இவள் நறுக்குவாள். பேச்சு எல்லாம் பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றி.

"சுரங்கத்த ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரட்டுமாக்கா? ஊர் பாக்க வரவங்களை எல்லாம் அத்தான்தான் உள்ள கூட்டிட்டுப் போறாராமே" என்று ஒருமுறை கேட்டாள்.

"அங்க என்ன இருக்கு பாக்க? நீ பாக்காத கரியா? இருட்டும் ஈரமும். உனக்குத் தும்மல் வேற வரும்" என்று பெரியவள் சொல்லி முடித்துவிட்டாள்.

சாப்பாட்டு அறைச் சுவரில் பழைய ஷிப்டு ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரிய போட்டோ மாட்டியிருந்தது. அதில் பம்புக்காரரும் இருந்தார். அவரை வெட்டி எடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்று சின்னவளுக்கு முதல் நாள் மனசு இளகியது. ஐந்தாம் நாள் காலையில், மூன்றாம் நம்பர் அறையில் தங்கியிருந்த டீச்சரம்மா கையில் டீக் கோப்பையோடு அந்தப் போட்டோ முன்னால் போய் நின்றாள்.

"இதுல அந்தத் தம்பி யாருங்க?"

"எந்தத் தம்பி?" என்றாள் சின்னவள்.

"மேஸ்திரியோட தம்பி. பாவம், அந்தப் பம்புக்காரர். நேத்து அவர் கதையக் கேட்டு உள்ளயே அழுதுட்டேன். நீங்க கேட்டதில்லையா?"

அடுப்படியிலிருந்து பெரியவள் விறுவிறுவென்று வந்தாள். "உங்களுக்கு ரொட்டி இன்னும் ரெண்டு வெக்கட்டுமா? இவ ஊருக்குப் புதுசு, இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

இவ ஊருக்குப் புதுசு. சின்னவள் தட்டுகளை அடுக்கி வைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். பெரியவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு சுரங்க வாசலுக்கு நடந்தாள்.

டிக்கெட்டு வாங்கி, மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு, இருபது பேர் கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றாள். சின்ன ரயில் சரிவில் இறங்கியது. ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தும் அவள் உள்ளே போனதில்லை. பெண்களை விட மாட்டார்கள். காது அடைத்தது. சுவர்களில் தண்ணீர் வழிந்து, விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. புருஷனின் உடம்பில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத ஒரு வாசனை உண்டு. அது இங்கே பாறையில் இருந்தது.

மேஸ்திரி முன்னால் நடந்தார். வெட்டுவது எப்படி, முட்டுக் கொடுப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே போனார். சிரிக்க வைத்தார். கம்பி வேலி போட்ட ஒரு குழியின் முன்னால் நின்றார்.

"இப்ப விளக்கை அணைக்கப் போறேன். யாரும் நகர வேண்டாம்."

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அந்த இருட்டில் மேஸ்திரியின் குரல் தாழ்ந்து வந்தது.

"இந்தக் குழிக்குக் காவல் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் என் தம்பி. பத்து வயசுலேர்ந்து நான் சோறு போட்டு வளத்தவன். அன்னைக்கு மேல கரிவண்டி தடம் புரண்டு போச்சு. மேலதிகாரி என்னைத் திட்டறாரு. நான் ஓடி வந்து, டேய், அஞ்சு நிமிஷம் வாடான்னேன். பம்பை விட்டுட்டு வரக்கூடாதுண்ணேன்னு சொன்னான். நான் சொல்றேன் வாடான்னேன். வந்தான். நாலு உசுரு போச்சு. விசாரணையில என்னைக் கேட்டாங்க, நீ அனுப்பினியான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இல்லைன்னேன்."

யாரோ ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

"ஊரே அவன் மூஞ்சில துப்பிச்சு. என் தம்பி ஒரு வார்த்தை என்னைத் திட்டல. மூட்டையத் தூக்கிட்டுப் போனான். பத்து வருஷம் நான் தூங்கல. போன வருஷம் திரும்பி வந்தான். இதே எடம். என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதான். போகட்டும்ண்ணே, நீ பெத்தவன் மாதிரின்னான். மன்னிச்சிட்டான்."

ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இருட்டில் கைதட்டல் பாறையில் மோதிப் பெரிதாகக் கேட்டது. அது ஓய்ந்ததும் பின்னாலிருந்து சின்னவள் கேட்டாள்.

"எந்த மாசம் வந்தாரு அத்தான்?"

விளக்கு எரிந்தது. மேஸ்திரியின் கண்கள் தொப்பி தொப்பியாகத் தேடி அவளிடம் வந்து நின்றன. கூட்டமும் திரும்பிப் பார்த்தது. மேஸ்திரி சட்டென்று திரும்பிக்கொண்டார்.

"தலையப் பாத்து வாங்க. இனிமே கூரை தாழ்வா இருக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

வெளியே தொப்பிகளைத் திரும்ப வாங்கும் ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்னவளுக்கு அவளைத் தெரிந்தது. அன்றைக்கு வாசலில் துப்பியவள். நாலு பேரில் ஒருவனின் பெண்டாட்டி. அவளும் இவளை உற்றுப் பார்த்தாள்.

"நீயா" என்றாள். "எப்ப வந்தே? நான் அன்னைக்குச் செஞ்சதை மனசுல வெச்சிருக்காத. மேஸ்திரி வாயத் தொறந்து சொன்னப்புறம்தானே எங்களுக்குத் தெரிஞ்சுது."

"எப்ப சொன்னாரு?"

"சுரங்கத்த ஜனங்களுக்குத் தொறந்தாங்களே, அப்பலேர்ந்து. ரெண்டு வருஷம் ஆச்சு. தெனம் நாலு தடவ. ஊர்ல இப்ப எல்லாருக்கும் தெரியும். உன் புருஷனுக்கு ஒரு கடுதாசி போடணும்னு மேஸ்திரிகிட்ட விலாசம் கேட்டேன். அவனே வந்து பாத்துட்டுப் போயிட்டான், சமாதானம் ஆயிட்டோம்னாரு. சரின்னு விட்டுட்டேன். உனக்குத் தெரியாதா?"

சின்னவள் தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். மேட்டில் ஏறி வரும்போது சால்வை தோளில் கிடந்தது. தலை நனைந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேஸ்திரி வந்தார். விடுதிக்காரர்கள் எல்லோரும் கடற்கரையில் இருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். சின்னவள் எதிரில் நின்றாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்மா."

"எப்ப?"

"கம்பெனி மூடினதுலேர்ந்து தெனம் நெனச்சுக்குவேன்."

"நெனக்க மட்டுமா செஞ்சீங்க? தெனம் நாலு தடவ சொல்லவும் செய்யறீங்க. அவர்கிட்டதான் சொல்லல."

"நீ கோவத்துல இருக்கே. அன்னைக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் வெளிய தள்ளியிருப்பாங்க. ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும். ஒருத்தனாவது உள்ள இருந்தா இன்னொருத்தனைப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"பாத்துக்கிட்டீங்களா?"

மேஸ்திரி ஒரு பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சரி, மன்னிச்சிட்டாருன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"மொதல்ல அப்படிச் சொல்லலம்மா. தம்பி போயிட்டான், எங்க இருக்கானோன்னுதான் முடிச்சேன். ஜனங்க மூஞ்சி தொங்கிப் போய் வெளிய வந்தாங்க. டூரிஸ்ட் ஆபீசர் கூப்பிட்டு, ஊர் பாக்க வந்தவங்கள இப்படியா அனுப்பறது, முடிவைக் கொஞ்சம் நல்லா வைய்யுங்கன்னாரு. சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆயிடுச்சு."

"உங்களுக்கு நடந்த மாதிரி ஆயிடுச்சு. அவருக்கு?"

"அவரை மட்டும் கேக்காதடி." அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பெரியவள் சொன்னாள். "எனக்கும் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டாரு."

சின்னவளுக்கு மேஸ்திரி சொன்னதை விட இதுதான் உள்ளே இறங்கியது. ஊரை விட்டுப் போன அன்று அவளுடைய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, உடையாமல் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவள் பெரியவள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள்.

"எனக்குன்னு நீங்க அழுதீங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேனேக்கா."

"உனக்குத்தான்டி அழுதேன்."

"தெரிஞ்சேவா?"

பெரியவள் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். சின்னவள் மேஸ்திரியிடம் திரும்பினாள்.

"நாளைக்கு என்கூடக் கெளம்பி வாங்க. அவர் முன்னாடி ஒரு தடவ சொல்லுங்க. இருபது பேருக்கு வேண்டாம். விளக்கை அணைக்கவும் வேண்டாம்."

"வரேன்மா. இந்த சீசன் முடியட்டும். எனக்குப் பதிலா உள்ள கூட்டிட்டுப் போக இன்னொரு ஆள் இல்ல. குளிர் ஆரம்பிச்சதும் மூடிடுவாங்க. மொத வேலையா வரேன்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அவர் முகத்தில் அது தெரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் கண் கலங்கி நின்றபோதும் அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சின்னவள் பத்துப் பேருக்கும் ரொட்டி சுட்டாள், முட்டை பொரித்தாள். டீச்சரம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அருகில் வந்து மெதுவாக, "நீங்கதான் அவரோட..." என்று தொடங்கினாள். "முட்டை ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள் சின்னவள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பெரியவள் வாசல் வரை வந்தாள்.

பஸ்ஸில் ஏழு மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து, புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அவருக்கு ஒரு பெரிய நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்ற பரபரப்பும் இருந்தது.

பம்புக்காரர் கடையிலிருந்து வந்து குழாயடியில் வார்னிஷ் போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்னே. அதுக்குள்ள வந்துட்டே? அண்ணி கை எப்படி இருக்கு?"

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோவை, டீச்சரம்மாவை, விளக்கை அணைத்ததை, கைதட்டலை, தொப்பி வாங்குகிறவளை, பெரியவளை. அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேனாமா?"

"ஆமா."

"எங்க வெச்சு?"

"பம்புக் குழி பக்கத்துல."

அவர் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தத் தைரியத்தில் அவள் வழியெல்லாம் தயார் செய்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"எனக்கு இப்பத் தெரிஞ்சு போச்சுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது நெஜம்னு."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அவர் சொன்னப்புறம்தான் தெரிஞ்சுதா" என்றார்.

அவர் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். குரலில் கோபம் இல்லை.

"அவர் தெனம் நாலு தடவ சொல்றாரு. நான் உன்கிட்ட ஒரே தடவதான் சொன்னேன். உன்கிட்ட ஒரு தடவ போதும்னு நெனச்சேன்."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "சோறு வடிச்சு வெச்சிருக்கேன், சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவள் பையோடு அங்கேயே நின்றாள். அண்ணன்காரரைக் கேட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடமே திரும்பி வந்தது.

குளிர் வந்தது. சுரங்கத்தை மூடினார்கள். மேஸ்திரி வரவில்லை. மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் பெரியவள் போன் செய்தாள். கட்டுப் பிரித்து ரொம்ப மாசமாகியும் கை முன்போல் மடங்கவில்லை என்றாள். பிறகு, "இப்ப அவர் அந்த முடிவைச் சொல்றதில்லடி. தம்பி எப்படி இருக்கான்னு யாராவது கேட்டா, தெரியலைன்னு சொல்லிடறாரு" என்றாள்.

சின்னவள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது புருஷனிடம் இதைச் சொன்னாள். பம்புக்காரர் ஒரு பழைய மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கை தப்பாமல் இருக்க ஒரு கணம் நிறுத்தி, மறுபடி சுற்றினார்.

"இப்பத்தான் சரியாச் சொல்றாரு" என்றார். "அவருக்குத் தெரியாதே."

அவள் தூக்குச் சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எப்படி இருக்கிறீர்கள் என்று இவளும்தான் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு கம்பியின் ஒரு முனையை அவள் பக்கமாக நீட்டினார்.

"சும்மாத்தானே நிக்கறே. இதைக் கொஞ்சம் இழுத்துப் புடி. தளர விட்டுடாத."

சின்னவள் உட்கார்ந்து, காயில் முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.